படகில் எழுதிய எண்

 

இன்றைய பேச்சு படகைப் பற்றியது. படகு வைத்திருப்பவர்களும் கேட்கலாம். படகில் ஏறுபவர்களும் கேட்கலாம். இருவருக்கும் பொதுவான செய்தி இது.

பேருந்தில் ஏறுகிறோம். உள்ளே ஓர் எழுத்து இருக்கும். உட்காருபவர் இத்தனை பேர், நிற்பவர் இத்தனை பேர் என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து யாரும் இறங்குவதில்லை. கூட்டம் அதிகமானால் நெரிசல். கால் மிதிபடும். சட்டை கசங்கும். எப்படியோ ஊர் போய்ச் சேருகிறோம்.

படகிலும் அப்படி ஓர் எண் இருக்க வேண்டும். ஆனால் பேருந்து வேறு, படகு வேறு. பேருந்துக்குக் கீழே தரை இருக்கிறது. படகுக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. பேருந்தில் அந்த எண்ணை மீறினால் சிரமம். படகில் மீறினால் உயிர் போகும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? யார் அதை முடிவு செய்கிறார்கள்? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படகு ஏன் கவிழ்கிறது?

ஓட்டை விழுந்தால் படகு மூழ்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓட்டையே இல்லாத படகும் கவிழ்கிறது. புதுப் படகும் கவிழ்கிறது. காற்று இல்லாத நாளிலும் கவிழ்கிறது. ஏன்?

முதல் காரணம் பாரம். படகில் ஆள் ஏற ஏற அது தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீருக்கு மேலே தெரியும் விளிம்பு குறைந்துகொண்டே வரும். ஒரு முழம் இருந்தது ஒரு சாண் ஆகும். அப்போது சிறு அலை வந்தாலும் தண்ணீர் உள்ளே வரும்.

இரண்டாவது காரணம் உயரம். தலையில் சுமையோடு வரப்பில் நடப்பவரைப் பாருங்கள். அதே சுமையை இடுப்பில் வைத்தால் அவ்வளவு ஆட்டம் இல்லை. பாரம் மேலே போகப் போக ஆட்டம் அதிகம். படகும் அப்படித்தான். ஆட்கள் உட்கார்ந்திருந்தால் பாரம் கீழே இருக்கும். எழுந்து நின்றால் மேலே போகும். மாடி வைத்த படகில் எல்லோரும் மாடிக்கு ஏறினால் ஆபத்து இன்னும் அதிகம். பரிசலில் போனவர்களுக்கு இது தெரியும். பரிசல்காரர் முதலில் சொல்லும் வார்த்தை, 'உட்காருங்க' என்பதுதான்.

மூன்றாவது காரணம், எல்லோரும் ஒரே பக்கம் போவது. கரையில் ஒரு யானை தெரிகிறது. 'அதோ யானை!' என்று ஒருவர் கத்துகிறார். அனைவரும் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். படகு சாய்கிறது. சாய்ந்ததும் மற்றவர்களும் சறுக்கி அதே பக்கம் விழுகிறார்கள். படகு நிமிர நேரம் இல்லை.

நான்காவது காரணம், உள்ளே தேங்கும் தண்ணீர். ஒரு பெரிய தட்டில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். சற்றே சாய்த்தால் போதும். தண்ணீர் முழுவதும் ஒரு பக்கம் ஓடும். தட்டு கையை விட்டு நழுவப் பார்க்கும். படகின் அடியில் தண்ணீர் தேங்கினாலும் இதுதான் நடக்கும். அதனால்தான் தேங்கிய நீரை உடனுக்குடன் இறைக்க வேண்டும்.

ஒரு கோட்டின் கதை

இந்த அறிவு மனிதர்களுக்குப் பழையது. ஆனால் அது சட்டமாவதற்குப் பல உயிர்கள் போக வேண்டியிருந்தது. கடல் கடந்த நாடு ஒன்றில் நடந்ததைச் சொல்லலாம்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் கப்பல் முதலாளிகள் அளவில்லாமல் சரக்கு ஏற்றினார்கள். பழைய கப்பல்களையும் கடலுக்கு அனுப்பினார்கள். கப்பலுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. மூழ்கினாலும் முதலாளிக்குப் பணம் கிடைத்தது. மாலுமிகள் செத்தார்கள்.

சாமுவேல் பிளிம்சால் என்பவர் அந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர். அவர் மாலுமிகளுக்காகப் போராடினார். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு போட வேண்டும் என்றார். அந்தக் கோடு தண்ணீருக்குள் மறையும் அளவுக்குப் பாரம் ஏற்றக் கூடாது என்றார். முதலாளிகள் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. 1876-ஆம் ஆண்டு சட்டம் வந்தது. இன்றும் உலகக் கப்பல்களில் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். அதற்குப் பிளிம்சால் கோடு என்று பெயர்.

கப்பலுக்குக் கோடு. பயணிகள் படகுக்கு எண். இரண்டும் சொல்வது ஒன்றுதான். 'இதற்கு மேல் ஏற்றாதே.'

கேரளம் கற்ற பாடம்

நம் நாட்டில் படகை நம்பி வாழும் மாநிலங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று கேரளம். அங்கே 44 ஆறுகள் ஓடுகின்றன. வேம்பநாட்டு ஏரி போன்ற காயல்கள் உள்ளன. காயல் என்றால் கடலோரத்து ஏரி. அங்கே பலர் வேலைக்கும் பள்ளிக்கும் படகில்தான் போகிறார்கள். சுற்றுலாப் படகுகளும் நிறைய ஓடுகின்றன.

அந்த மாநிலம் படகு விபத்துகளில் பட்ட துயரம் பெரிது. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் இறந்தார். கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குப் படகில் போனார். பல்லனை என்ற இடத்தில் படகு கவிழ்ந்தது. பெரும் கவிஞரும் போனார். அவரோடு வந்த பலரும் போனார்கள்.

2002-ஆம் ஆண்டு ஜூலை 27. முகம்மா என்ற ஊரிலிருந்து குமரகத்துக்குக் காலையில் ஒரு படகு புறப்பட்டது. அரசாங்கப் படகு அது. அரசு வேலைக்கான தேர்வு எழுதப் போனவர்கள் பலர் அதில் இருந்தார்கள். கூட்டம் அதிகம். வேம்பநாட்டு ஏரியில் படகு மூழ்கியது. 29 பேர் இறந்தார்கள். வேலை கிடைக்கும் என்ற கனவோடு போனவர்கள் வீடு திரும்பவில்லை.

2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 20. தட்டேக்காடு என்ற இடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்தார்கள். பெரியாற்றில் படகில் ஏறினார்கள். படகு மூழ்கியது. 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள்.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30. இடம் தேக்கடி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஏரி அது. தேனி, கம்பம் பக்கத்து மக்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். காட்டு விலங்குகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் படகில் போவார்கள். அன்று மாலை 'ஜலகன்னிகை' என்ற மாடிப் படகு புறப்பட்டது. கரையில் விலங்குகள் தெரிந்தன. அவற்றைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டார்கள். படகு சாய்ந்து கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அது பழைய படகு அல்ல. ஓடத் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பயணிகள் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2010-இல், கேரள அரசு உள்நாட்டுப் படகுகளுக்கு விரிவான விதிகளைக் கொண்டு வந்தது. விதி வந்துவிட்டது. விபத்து நின்றுவிட்டதா? இல்லை.

2023-ஆம் ஆண்டு மே 7. ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறைக் காலம். மலப்புறம் மாவட்டம் தானூரில் தூவல் தீரம் என்ற கடற்கரை உள்ளது. அங்கே சுற்றுலாப் படகு ஒன்று ஓடியது. அது முன்பு மீன்பிடிப் படகாக இருந்தது, அதைப் பயணிகள் படகாக மாற்றினார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. படகை ஓட்டியவரிடம் உரிமம் இல்லை என்று காவல்துறை சொன்னது. பொழுது சாய்ந்த பிறகு படகு புறப்பட்டது. அதில் 22 பேரை ஏற்றத்தான் அனுமதி. ஏறியவர்கள் 37 பேர்.

37-லிருந்து 22-ஐக் கழித்துப் பாருங்கள். மீதி 15. அந்தப் பதினைந்து பேரின் பாரம் படகைக் கவிழ்த்தது. 22 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். ஒரே வீட்டிலிருந்து பல சவங்கள் போயின.

கேரள உயர்நீதிமன்றம் தானாகவே இந்த வழக்கைக் கையில் எடுத்தது. எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் வாசலில் எழுத வேண்டும் என்றது. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும் என்றது. பயணிகளின் பெயர்ப் பதிவேடு வேண்டும், உயிர்காப்புச் சட்டை வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

கவனியுங்கள். நீதிமன்றம் முதலில் கேட்டது பெரிய இயந்திரம் அல்ல. ஓர் எண்ணை எழுதச் சொன்னது. படிக்கத் தெரிந்தவர் படித்து, எண்ணத் தெரிந்தவர் எண்ணினால் உயிர் தப்பலாம் என்பதுதான் அதன் பொருள்.

இது கேரளத்தின் துயரம் மட்டும் அல்ல. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 18 அன்று குஜராத் மாநிலம் வதோதராவில் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்தது. பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அங்கேயும் அளவுக்கு மீறிய கூட்டம். அங்கேயும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உயிர்காப்புச் சட்டை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆறு, கால்வாய், ஏரி, காயல் இவற்றில் ஓடும் படகுகளுக்கு நம் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. பழைய சட்டம் வெள்ளைக்காரர் காலத்தில், 1917-இல் வந்தது. அது நீராவிப் படகுகளுக்காக எழுதியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அதையே திருத்தித் திருத்தி வைத்திருந்தார்கள். 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் புதிய சட்டம் செய்தது. அதன் பெயர் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். கலம் என்றால் படகு, தோணி, சிறு கப்பல் எல்லாம் அடங்கும். 2022 ஜூன் மாதம் அது நடைமுறைக்கு வந்தது.

முன்பு ஒரு மாநிலத்தில் பதிந்த படகு அடுத்த மாநிலத்துக்குப் போனால் அங்கே தனி அனுமதி வேண்டும். புதிய சட்டத்தில் ஒரு முறை பதிந்தால் போதும். அந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். எல்லாப் படகுகளின் விவரமும் ஒரே இடத்தில் தொகுக்கப்படும்.

சட்டம் மத்திய அரசினுடையது. அதை நிறைவேற்றுவது மாநில அரசு. இதற்கென மாநில அரசு ஓர் அதிகார அலுவலகத்தை அமைக்கும். கேரளத்தில் இந்த வேலையைக் கேரளக் கடல்சார் வாரியம் செய்கிறது.

இயந்திரம் வைத்த படகுகளுக்குச் சட்டம் முக்கியமாக நான்கு கேட்கிறது. ஒன்று, ஆய்வு. இரண்டு, பதிவு. மூன்று, தகுதி உள்ள ஆள். நான்கு, காப்பீடு.

துடுப்புப் படகு, வள்ளம் போன்றவற்றுக்கு இயந்திரம் இல்லை. அவற்றைப் பதியும் வேலையை மாநில அரசு ஊராட்சி போன்ற உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்படைக்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

கடலில் மீன் பிடிக்கும் படகுகளின் பதிவு வேறு. அதை மீன்வளத் துறை செய்கிறது. அந்தப் படகுகளின் எண் 'ஐ.என்.டி.' என்று தொடங்கும். அது இந்தியாவைக் குறிக்கும். அடுத்து மாநிலத்தின் எழுத்து வரும். தமிழ்நாட்டுக்கு 'டி.என்.' கேரளத்துக்கு 'கே.எல்.' இந்தப் பதிவை வைத்து மீன் பிடிக்கலாம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் காசு வாங்கக் கூடாது. மீன்பிடிப் படகின் அமைப்பு வேறு. வலைக்கும் மீனுக்கும் ஏற்றபடி அதைக் கட்டியிருப்பார்கள். அதன் மேல் ஒரு மாடி கட்டி நாற்பது பேரை ஏற்றினால் அது தாங்காது.

ஆய்வில் என்ன பார்ப்பார்கள்?

ஆய்வு என்பது படகுக்கு வைத்தியரிடம் காட்டுவது போல. இதைச் செய்பவர் சர்வேயர். அவர் படகின் அடிப்பகுதியைப் பார்ப்பார். மரம் உளுத்திருக்கிறதா, இரும்பு துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியைப் பார்க்கப் படகைக் கரையேற்ற வேண்டும்.

பிறகு இயந்திரத்தைப் பார்ப்பார். சுக்கான் சரியாகத் திரும்புகிறதா? எண்ணெய் கசிகிறதா? மின்கம்பி பத்திரமாக இருக்கிறதா? எல்லாம் பார்ப்பார்.

அடுத்தது முக்கியமான சோதனை. எடை தெரிந்த பொருள்களைப் படகில் வைப்பார்கள். அவற்றை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்த்துவார்கள். படகு எவ்வளவு சாய்கிறது என்று அளப்பார்கள். சாய்ந்த படகு தானாக நிமிருமா என்று கணக்குப் போடுவார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் அந்த எண் வருகிறது. இந்தப் படகில் இத்தனை பேர் போகலாம் என்று சான்றிதழில் எழுதுவார்கள். யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன எண் அல்ல அது. இடம் இருக்கிறதே, இன்னும் இரண்டு பேர் உட்காரலாமே என்று சொல்வதற்கு இல்லை. உட்கார இடம் இருப்பது வேறு. படகு தாங்குவது வேறு.

ஆய்வுச் சான்றிதழ் என்றைக்கும் செல்லாது. அதில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் மறுபடியும் ஆய்வு செய்ய வேண்டும். சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. பயணிகள் பார்க்கும்படி படகில் வைக்க வேண்டும்.

பதிவு எப்படி?

ஆய்வு முடிந்த பிறகு பதிவு. படகு யாருடையது என்பதற்குச் சான்று வேண்டும். படகைக் கட்டியவர் தந்த சான்றும், படகின் வரைபடமும் வேண்டும். ஆய்வுச் சான்றிதழும் வேண்டும். உரிய கட்டணத்தோடு விண்ணப்பம் தர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் படகுக்கு ஒரு பதிவு எண் தருவார்கள். அந்த எண்ணைப் படகின் மேல் தெளிவாக எழுத வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், எண் பிறகு வரும் என்று படகை ஓட்டக் கூடாது. எண் வந்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

படகை விற்றால் அலுவலகத்தில் சொல்ல வேண்டும். முகவரி மாறினாலும் சொல்ல வேண்டும். படகில் மாற்றம் செய்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு கூரை போட்டால் என்ன, ஒரு மாடி வைத்தால் என்ன என்று நினைக்கக் கூடாது. மாடி வைத்ததும் பழைய கணக்கு செல்லாது. பழைய எண்ணும் செல்லாது.

ஓட்டுபவரும் காப்பீடும்

லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். படகு ஓட்டவும் தகுதிச் சான்று வேண்டும். கேரளத்துக் காயல் படகுகளில் சுக்கான் பிடிப்பவரை ஸ்ராங்க் என்பார்கள். இயந்திரத்தைப் பார்ப்பவர் டிரைவர். கயிறு கட்டுவது, பயணிகளை ஏற்றி இறக்குவது லஸ்கர் வேலை. ஒவ்வொரு வேலைக்கும் பயிற்சி உண்டு.

சிறு வயது முதல் ஆற்றிலேயே வளர்ந்தவன், எனக்கு எதற்குச் சான்று என்று சிலர் கேட்பார்கள். ஆற்றை அறிந்திருப்பது நல்லது. அது மட்டும் போதாது. இரவில் விளக்கின் நிறம் பார்த்து எதிர்ப் படகின் போக்கை அறிய வேண்டும். ஒரு படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, பின்னால் வெள்ளை விளக்கு. தீப்பிடித்தால் என்ன செய்வது, தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று தெரிய வேண்டும். கூட்டம் ஏறினால் 'போதும்' என்று சொல்லும் துணிச்சல் வேண்டும். படகு நகரும் முன் 'புறப்பட மாட்டேன்' என்று மறுக்க முடிந்தவர் அவர்தான். அந்தப் பொறுப்பு அவருடையது.

காப்பீடும் சட்டப்படி வேண்டும். விபத்தில் உயிர் போனாலோ கை கால் போனாலோ இழப்பீடு தர அது உதவும். ஆனால் சான்றிதழ் இல்லாமல், ஆளை மீறி ஏற்றி ஓட்டினால், பணம் கிடைப்பதிலும் சிக்கல் வரும்.

படகில் இருக்க வேண்டியவை

உயிர்காப்புச் சட்டை முதலில். லைஃப் ஜாக்கெட் என்று பலரும் சொல்வார்கள். ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும். குழந்தைகளுக்குச் சிறிய அளவில் வேண்டும். அதை மூட்டை கட்டி மேலே போட்டு வைத்தால் பயன் இல்லை. படகு கவிழும்போது தேடி எடுத்து அணிய நேரம் இருக்காது. ஏறும்போதே அணிய வேண்டும்.

அணிந்தால் மட்டும் போதாது. வார்களை எல்லாம் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை முகத்துக்கு மேல் ஏறினால் அது பெரிது. வேறு கேளுங்கள். பெரிய சட்டை போட்ட குழந்தை தண்ணீரில் நழுவிவிடும்.

மற்றவை இவை:

கயிறு கட்டிய மிதவை வளையங்கள்.
தீயணைப்புக் கருவி.
தேங்கும் நீரை இறைக்கும் பம்பு அல்லது வாளி.
நங்கூரமும் நல்ல கயிறும்.
முதலுதவிப் பெட்டி.
விளக்கும் ஒலி எழுப்பும் ஹாரனும்.
பயணிகளின் பெயர் எழுதிய பதிவேடு.

பெயர் எதற்கு என்று கேட்கலாம். விபத்து நடந்தால் எத்தனை பேரைத் தேடுவது என்று தெரிய வேண்டும். பெயர் இல்லாவிட்டால் தேடுபவர்கள் எப்போது நிறுத்துவது என்றே தெரியாது.

உரிமையாளரின் கணக்கு

படகு வைத்திருப்பவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் கடன் உண்டு. டீசல் விலை உண்டு. ஆள் கூலி உண்டு. மழைக் காலத்தில் படகு சும்மா நிற்கும். திருவிழா நாளில்தான் நாலு காசு வரும். அன்று கூட்டம் துறையில் நின்று கெஞ்சும். 'எங்களையும் ஏத்திக்கோங்க' என்று கேட்கும். அவர் மனம் இளகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆளுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பேர் கூடுதலாக ஏறினால் 1,500 ரூபாய். இது ஒரு பக்கம்.

மறு பக்கம் என்ன? படகு போகும். வழக்கு வரும். சிறை வரும். தானூரில் படகின் உரிமையாளர் கைதானார். ஊரில் முகம் காட்ட முடியாது. இத்தனையும் போகட்டும். போன பிள்ளைகளை யார் திருப்பித் தருவது? 1,500 ரூபாய்க்கு இது தகுமா?

இன்னும் ஒன்று. ஒரு விபத்து நடந்தால் அந்தத் துறையில் எல்லாப் படகுகளும் நிற்கும். ஒழுங்காக ஓட்டியவரின் பிழைப்பும் போகும். ஆகவே ஒருவர் விதியை மீறினால் மற்ற படகுக்காரர்கள் தட்டிக் கேட்க வேண்டும். அது காட்டிக் கொடுப்பது ஆகாது. தங்கள் பிழைப்பைக் காப்பது.

கேட்பது உரிமை

படகுத்துறையில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்.

'அண்ணே, இந்தப் படகுல எத்தனை பேர் ஏறலாம்?'

'அதெல்லாம் நிறைய ஏறலாம்மா. வாங்க, வாங்க.'

'இங்க இருபதுன்னு எழுதியிருக்கே. ஏற்கெனவே இருபது பேர் இருக்காங்களே.'

'ரெண்டு பேருதானே? குழந்தைய மடியில வச்சுக்கோங்க.'

'வேண்டாம் அண்ணே. நாங்க அடுத்த படகுல வர்றோம்.'

இவ்வளவுதான். சண்டை இல்லை. சத்தம் இல்லை. அந்தப் பெண் எண்ணைப் படித்தார். ஆட்களை எண்ணினார். பிறகு மறுத்தார். அரை மணி நேரம் காத்திருப்பார். அதனால் என்ன நஷ்டம்?

மடியில் இருக்கும் குழந்தையும் ஓர் உயிர்தான். அதுவும் கணக்கில் வர வேண்டும்.

பயணிகள் வேறு சிலவும் செய்யலாம். எண் எழுதாத படகில் ஏறாதீர்கள். சான்றிதழின் கடைசித் தேதியைப் பாருங்கள். இருட்டிய பிறகு உல்லாசப் படகில் ஏறாதீர்கள். ஓட்டுபவர் குடித்திருந்தால் இறங்கிவிடுங்கள். படம் எடுக்க எழுந்து நிற்காதீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொருவராகப் போங்கள்.

விபத்து நேர்ந்தால்

பதறி எல்லோரும் ஒரே பக்கம் ஓடக் கூடாது. படகு கவிழ்ந்தாலும் மிதந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஆள் தத்தளித்தால் கயிறு, கழி, காலிக் குடம், மிதவை எதையாவது எறியுங்கள். நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போய் இரண்டு உயிர் போகும்.

உடனே 112 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நாடு முழுவதும் அது அவசர எண். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. கரையேற்றியவருக்கு மூச்சு இல்லை என்றால், பயிற்சி உள்ளவர் உடனே மூச்சுக் கொடுக்க வேண்டும். வயிற்றை அமுக்கி நேரத்தை வீணாக்கக் கூடாது.

விபத்தை மறைக்கக் கூடாது. படகை ஓட்டியவர் உரிய அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். அது சட்டம்.

கடைசியாக

நண்பர்களே! சட்டத்தைச் சர்க்கார் எழுதலாம். நீதிமன்றம் உத்தரவு போடலாம். ஆனால் படகு துறையை விட்டு நகரும் அந்த நேரத்தில் அங்கே அதிகாரி இருக்க மாட்டார். நீதிபதி இருக்க மாட்டார். படகுக்காரர் இருப்பார். பயணிகள் இருப்பார்கள். படகின் மேல் எழுதிய எண் இருக்கும்.

அந்த எண்ணைப் படிக்க இன்று உங்களுக்குத் தெரியும். படியுங்கள். எண்ணிப் பாருங்கள். மிஞ்சினால் ஏறாதீர்கள். உங்கள் படகு என்றால் ஏற்றாதீர்கள்.